சீறாத சோடாவும் பொங்கும் நுரையும்

சோடா என்பது என்ன? சுவையூட்டிய நீரில் கரிவளி கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூடியைத் திறந்ததும் எழும் ‘புஸ்’ என்ற ஓசையும், நாக்கில் சுருக்கென்று ஏறும் உணர்வும் அந்தக் கரிவளியின் வேலையே. கேட்பதற்கு இவ்வளவு எளிதான ஒன்றை நாமே தயாரித்து, வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. ஒரு நாள் சீறவே சீறாது. மறுநாள் குவளை முழுவதும் நுரையாகப் பொங்கும்.

பட்டமளிப்பு விழாச் சந்தையில் நம் கழகம் போடும் கடையில் இஞ்சி எலுமிச்சைச் சோடா விற்கிறோம் என்பதைப் பலரும் அறிவீர்கள். ஒரு கெக்கில் 18 லிட்டர் பானம் நிரப்பினால், 300 மில்லிலிட்டர் குவளையில் 60 குவளை வரும். பாதி நுரையாகப் போனால் 30 குவளைதான். அந்த விற்பனைப் பணம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நாம் நடத்தும் வாசிப்பு முகாமுக்குப் போகிறது. ஆகவே, கீழே கொட்டும் நுரை வெறும் நுரையன்று. ஒரு மாணவனின் கையில் இருக்க வேண்டிய புத்தகம். மூன்று ஆண்டுகளாக இந்தக் கெக்கைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில், அடுத்துப் பொறுப்பேற்கும் தம்பி தங்கையருக்கு இதை எழுதி வைக்கிறேன். வீட்டில் பீர் காய்ச்சிக் கெக்கில் அடைக்கும் முன்னாள் மாணவர்கள் வெளிநாடுகளில் இருக்கக்கூடும். எண்கள் மாறுமே தவிர, அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சிக்கல் வந்ததும் எல்லாருடைய கையும் முதலில் ரெகுலேட்டரின் திருகைத்தான் தேடிப் போகிறது. அங்கே கடைசியாகத்தான் போக வேண்டும். முதலில் கையில் எடுக்க வேண்டியது வெப்பமானி.

பீரும் சோடாவும் உறவினர்கள்

சோடாவின் பிறப்பிடமே ஒரு பீர் ஆலைதான். 1767-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞரின் வீட்டருகே ஒரு பீர் ஆலை இருந்தது. நொதிக்கும் பீர்த் தொட்டிகளுக்கு மேல் தேங்கி நின்ற கரிவளியை அவர் ஆராய்ந்தார். அதை நீரில் கரைத்துப் பார்த்தார். நீர் சுருக்கென்று சுவைத்தது. 1772-இல் அதன் செய்முறையை வெளியிட்டார். பின்னர் 1783-இல் ஜெனீவா நகரில் யாக்கோப் ஷ்வெப் அதனைத் தொழிலாகவே தொடங்கினார். அடுத்த நூறு ஆண்டுகளில் அந்தத் தொழில் நம் பக்கமும் வந்து சேர்ந்தது. இன்று நாம் ‘எஃப் அண்ட் என்’ என்று அழைக்கும் நிறுவனம், 1883-இல் சிங்கப்பூரில் ஜான் பிரேசர், டேவிட் நீவ் என்ற இருவர் தொடங்கிய சோடா தயாரிப்புத் தொழிலில் இருந்து வளர்ந்ததாகும்.

நாம் பயன்படுத்தும் எஃகுக் கெக்குக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கொர்னேலியஸ் நிறுவனத்தின் பெயரால் அறியப்படும் இந்த 19 லிட்டர் கெக், குளிர்பான விற்பனைக்காகச் செய்யப்பட்டது. குளிர்பான நிறுவனங்கள் பின்னாளில் பெட்டிக்குள் வைத்த நெகிழிப் பைகளுக்கு மாறியபோது, பழைய கெக்குகள் மலிவாகக் கிடைத்தன. வீட்டில் பீர் காய்ச்சுவோர் அவற்றை வாங்கிக்கொண்டார்கள். ஆகையால்தான் கெக்கைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் பீரைப் பற்றியே பேசுகின்றன. அவற்றில் உள்ள எண்களை அப்படியே சோடாவுக்கு எடுத்துக்கொண்டால், தொடங்கும் முன்னரே சிக்கல் தொடங்கிவிடும்.

வெப்பமும் அழுத்தமும்

வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1803-இல் வெளியிட்ட விதி இதுதான்: வெப்பநிலை மாறாத வரை, நீரில் கரையும் வாயுவின் அளவு அதன் மேலுள்ள அந்த வாயுவின் அழுத்தத்திற்கு ஏற்பக் கூடும். அழுத்தம் இரு மடங்கானால் கரைவதும் இரு மடங்காகும். இந்த விதியில் பலரும் மறந்துவிடுவது ‘வெப்பநிலை மாறாத வரை’ என்ற பகுதியைத்தான்.

சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் 0 பாகை செல்சியசில் ஏறக்குறைய 1.7 லிட்டர் கரிவளி கரையும். 10 பாகையில் 1.2 லிட்டர், 20 பாகையில் 0.9 லிட்டர்; 30 பாகையில் 0.7 லிட்டருக்கும் குறைவு. நீர் சூடாக ஆக, கரிவளியை வைத்துக்கொள்ளும் ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது.

சாதாரண பீரில் அதன் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய 2.5 மடங்கு கரிவளி கரைந்திருக்கும். சோடா சோடாவாக இருக்க வேண்டுமானால் 3.5 மடங்காவது தேவை. அதற்கு அழுத்தமானி எவ்வளவு காட்ட வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பானம் 4 பாகையில் இருந்தால் ஏறக்குறைய 20 பி.எஸ்.ஐ. போதும். 10 பாகையில் 29. 20 பாகையில் 44. 30 பாகையில் 60-க்கும் மேல்! அதே 20 பி.எஸ்.ஐ.-யை நம் ஊர் வெயிலில் 30 பாகையில் இருக்கும் கெக்குக்குக் கொடுத்தால், 1.6 மடங்குதான் கரையும். அது பீருக்கே போதாது.

குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளில் வெப்பநிலையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். அவர்களுடைய நிலவறையே பல மாதங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டிபோல் இருப்பதால், அந்த ஒரு வரி அவர்களுக்குப் போதும். நமக்கு அதுதான் முழுப் பாடமும்.

சோடா சீறவில்லை என்றால்

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலாவது, பானத்தின் வெப்பநிலை. குளிர்சாதனப் பெட்டியின் காற்றை அளக்காதீர்கள். ஒரு குவளை ஊற்றி, அதில் வெப்பமானியை வைத்து அளவுங்கள். பெட்டி 4 பாகை என்று காட்டினாலும், உள்ளே இருக்கும் 18 லிட்டர் பானம் குளிர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். காலையில் வைத்துவிட்டு மதியம் அழுத்தம் கொடுத்தால், இன்னும் சூடு தணியாத நீரோடுதான் மல்லுக்கட்டுகிறோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில், பெரிய வாளியில் ஐஸ் கட்டியோடு நீரையும் ஊற்றி அதில் கெக்கை நிறுத்துங்கள். ஐஸ் கட்டி மட்டும் கெக்கை ஆங்காங்கேதான் தொடும். ஐஸ் நீர் எல்லாப் பக்கமும் தழுவி நிற்கும்.

இரண்டாவது, உள்ளே சிக்கிய காற்று. கெக்கை மூடும்போது மேலிடத்தில் சாதாரணக் காற்று தங்கிவிடும். அழுத்தமானி காட்டும் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்தக் காற்றுக்கு உரியது. அது கரிவளியின் கணக்கில் சேராது. காற்றை வெளியேற்றாமல் 4 பாகையில் 20 பி.எஸ்.ஐ. கொடுத்தால், 3.5 மடங்குக்குப் பதில் 2 மடங்கே கரையும். ஊசி சரியாகத்தான் நிற்கும். சோடா மட்டும் சப்பென்று இருக்கும். மருந்து எளிது. 20 பி.எஸ்.ஐ. நிரப்புங்கள், மூடியில் உள்ள வால்வை இழுத்து முழுவதும் வெளியேற்றுங்கள், மீண்டும் நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் காற்று பாதிக்குமேல் குறையும். நான்கு முறை செய்தால் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் மிஞ்சும்.

மூன்றாவது, நேரம். ஹென்றியின் விதி எவ்வளவு கரையும் என்று சொல்கிறதே ஒழிய, எப்போது கரையும் என்று சொல்வதில்லை. கெக்கை அசைக்காமல் வைத்தால் மேற்பரப்பு வழியாகத்தான் வாயு இறங்க வேண்டும். அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். அவசரமென்றால், நன்கு குளிர்ந்த கெக்கை அதே 20 பி.எஸ்.ஐ.-யில் இணைத்தபடி முன்னும் பின்னும் குலுக்குங்கள். வாயு உள்ளே போகும் ஓசை ரெகுலேட்டரில் கேட்கும். ஓசை அடங்கினால் பானம் நிறைந்துவிட்டது என்று பொருள். பலர் 40, 50 என்று ஏற்றிவைத்துக் குலுக்குவார்கள். அப்போது எங்கே நிறுத்துவது என்பது யாருக்கும் தெரியாது. வேண்டிய அழுத்தத்திலேயே குலுக்கினால், எவ்வளவு குலுக்கினாலும் அளவு மீறாது. குலுக்கி முடித்ததும் இரண்டொரு மணி நேரம் கெக்கை அசையாமல் வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

நான்காவது, கசிவு. இதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இவை நான்கும் சரியாக இருந்தும் சீறவில்லை என்றால் மட்டுமே ரெகுலேட்டரின் திருகைத் தொடுங்கள். அப்போதும் 2 பி.எஸ்.ஐ. மட்டும் கூட்டி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நுரை பொங்கினால்

குவளையில் நுரை பொங்குவதைக் கண்டதும், ‘வாயு கூடிவிட்டது, குறை’ என்பார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவு. நுரையாகப் பொங்கி வெளியேறுவது பானத்தில் கரைந்திருந்த கரிவளிதான். நுரை அடங்கிய பின் குவளையில் எஞ்சுவது சப்பென்ற இனிப்பு நீர். பொங்குவதும் சீறாமல் போவதும் இரு வேறு நோய்களாகத் தெரிந்தாலும், பல வேளைகளில் ஒரே நோய்க்கு இரண்டு அறிகுறிகள்.

மீண்டும் வெப்பமானியிலிருந்து தொடங்குங்கள். 4 பாகையில் சரியாக நிறைந்த கெக், கூடாரத்தில் வெயில் பட்டு 20 பாகைக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். உள்ளே கரைந்துள்ள கரிவளியை அடக்கி வைக்க இப்போது 44 பி.எஸ்.ஐ. தேவை; நம் ரெகுலேட்டர் தருவதோ 20. திறந்ததும் பொங்காமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைத்தால், ஊற்றும் குழாய்க்குள்ளேயே வாயு பிரிந்து இன்னும் அதிகமாகப் பொங்கும். செய்ய வேண்டியது ஐஸ் நீரைக் கூட்டுவதுதான்.

முதல் குவளை மட்டும் பொங்கி அடுத்தடுத்த குவளைகள் சரியாக வந்தால், கெக்கில் குறையில்லை. வெளியே வெயிலில் கிடந்த குழாய்தான் சூடாகியிருக்கிறது. குழாயைச் சுருட்டி ஐஸ் நீருக்குள்ளேயே வையுங்கள்.

எல்லாக் குவளையும் பொங்கினால் குழாயின் நீளத்தைப் பாருங்கள். கெக்கின் அழுத்தம் முழுவதும் ஒரே பாய்ச்சலில் குவளையில் வந்து விழக்கூடாது. நீண்ட மெல்லிய குழாயில் உராய்ந்து உராய்ந்து தணிய வேண்டும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் உள்ள குழாயானால் பீருக்கு ஏறக்குறைய 3 மீட்டர் போதும். சோடாவின் அழுத்தம் அதிகம் என்பதால் 8 மீட்டராவது வேண்டும். பீருக்கான குழாயோடு கெக்கை வாங்கிச் சோடா ஊற்றுவோர் அனைவரும் சந்திக்கும் சிக்கல் இது. குழாயின் வாயைப் பாதி திறந்து ஊற்றினால் நுரை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சிறிய இடுக்கில் பானம் சிதறி நுரை கூடவே செய்யும். முழுவதும் திறந்து, குவளையைச் சாய்த்துப் பிடியுங்கள்.

குழாய்க்குள் தொடக்கத்திலிருந்தே குமிழிகள் ஓடி வந்தால், கெக்கின் பானம் வெளியேறும் பக்கத்தில் நீண்ட எஃகுக் குழாயின் தலையில் இருக்கும் சிறிய இரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது தேய்ந்திருந்தால் மேலே உள்ள வாயு பானத்தோடு சேர்ந்து வரும். சில காசு விலையுள்ள வளையம் ஒரு கெக் பானத்தையே நுரையாக்கிவிடும்.

இன்னும் இரண்டு காரணங்கள் நம் கடைக்கே உரியவை. ஒன்று, இஞ்சிச் சக்கையும் எலுமிச்சை நாரும். குமிழி தோன்றுவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். மிதக்கும் ஒவ்வொரு துகளும் அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டிய பின்னரே பானத்தைக் கெக்கில் ஊற்றுங்கள். மற்றொன்று, ஐஸ் கட்டி. காய்ந்த, சொரசொரப்பான ஐஸ் கட்டியின் மேல் சோடா விழுந்தவுடன் பொங்கும். ஐஸ் கட்டியைக் குடிநீரில் ஒருமுறை அலசிவிட்டுக் குவளையில் போட்டால், நுரை கண்கூடாகக் குறைவதைப் பார்க்கலாம்.

உண்மையாகவே வாயு கூடியிருந்தால், அதாவது பானம் குளிர்ந்து, குழாயும் சரியாக இருந்து, அப்படியும் பொங்கினால், கேஸ் குழாயைக் கழற்றிவிடுங்கள். மூடியின் வால்வை இழுத்து மேலிடத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால், கூடுதலாகக் கரைந்தது சிறிது சிறிதாக வெளியே வரும். அவசரப்பட்டுக் கெக்கைக் குலுக்கிவிட்டு வால்வை இழுத்தால், பானம் உங்கள் சட்டையில்தான் இருக்கும்.

கேஸ் எங்கே போனது?

கெக்கை நிறைப்பதற்கு ஏறக்குறைய 125 கிராம் கரிவளியும், பானம் முழுவதையும் வெளியே தள்ளுவதற்கு ஏறக்குறைய 85 கிராமும் வேண்டும். காற்றை வெளியேற்றுவதில் போகும் சிறிதளவையும் சேர்த்தால், 2 கிலோ கேஸ் தோம்பு எட்டு அல்லது ஒன்பது கெக்குகளுக்கு வர வேண்டும். மூன்றிலேயே தீர்ந்தால் எங்கோ கசிகிறது. பாத்திரம் கழுவும் நீர்மத்தைத் தண்ணீரில் கலந்து, மூடியின் விளிம்பிலும் ஒவ்வோர் இணைப்பிலும் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தில் குமிழி வளரும். மூடியில் கசிந்தால், 30 பி.எஸ்.ஐ. கொடுத்து மூடியை மேலே இழுத்துப் பிடித்தால் வளையம் பொருந்திக்கொள்ளும். பிறகு அழுத்தத்தைப் பழையபடி 20-க்கு இறக்கிவிடுங்கள்.

இங்கே இரண்டு ஏமாற்றங்கள் உள்ளன. கேஸ் குழாயைக் கழற்றி வைத்த கெக்கில் மறுநாள் அழுத்தம் குறைந்திருந்தால், அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பானம் வாயுவைக் கரைத்துக்கொண்டாலும் அழுத்தம் இறங்கும். சந்தேகம் தீர, கெக்கைக் காலியாக வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

மற்றொன்று, கேஸ் தோம்பின் அழுத்தமானி. தோம்புக்குள் கரிவளி நீர்மமாக இருக்கிறது. நீர்மம் ஒரு சொட்டு இருக்கும் வரை, அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 20 பாகையில் அது ஏறக்குறைய 830 பி.எஸ்.ஐ. காட்டும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் 560 அளவுக்கு இறங்கும். எதுவும் கசிந்துவிடவில்லை. அதேபோல், ஊசி உயரத்தில் நிற்பதால் தோம்பு நிறைந்திருக்கிறது என்றும் பொருளில்லை. தோம்பை எடைபோட்டு, அதன் கழுத்தில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழியுங்கள். எஞ்சுவதுதான் உங்கள் கேஸ்.

உயிரோடு விளையாடக்கூடாது

கசிவு பணத்தை மட்டும் தின்பதில்லை. கரிவளி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. நிறமும் மணமும் இல்லை. 2 கிலோ கரிவளி வெளியேறினால் ஒரு கன மீட்டருக்கும் மேல் இடத்தை அடைக்கும். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள, சன்னல் அடைத்த விடுதி அறையில் அது காற்றின் 4 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 0.04 விழுக்காடு. தொழிலிடப் பாதுகாப்பு வரையறைகள், 3 விழுக்காட்டில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கின்றன. 4 விழுக்காட்டை உடனடி ஆபத்தான அளவாகக் கருதுகின்றன. கனமான வாயு தரையை ஒட்டித் தேங்குவதால், கீழே பாய் விரித்துத் தூங்குபவருக்கே ஆபத்து அதிகம்.

ஆகவே, கேஸ் தோம்பைப் படுக்கையறையில் வைக்கவே வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், நிமிர்த்தி, சுவரோடு கட்டி வையுங்கள். வேலை முடிந்ததும் தலைப்பு வால்வை மூடுங்கள். காரில் கொண்டு போகும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். கெக்கின் மூடியை, அழுத்தம் முழுவதும் வெளியேறிய பிறகே கழற்றுங்கள். கெக் தீர்ந்துவிட்டது என்பதற்காகக் கிடைத்த கண்ணாடிப் புட்டியில் கேஸ் அடைக்கும் முயற்சி வேண்டாம். அழுத்தத்துக்கென்று செய்யப்படாத கண்ணாடி, வெடிகுண்டுக்குச் சமம்.

கெக்கின் மேல் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் வெப்பம், காற்று, நேரம், கசிவு, குழாய், கடைசியில் திருகு என்று ஆறு சொற்கள் மட்டுமே இருக்கும். அதன் கீழே தேதி, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றை எழுத இடம் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அதை நிரப்புங்கள். இவ்வாண்டு எழுதி வைக்கும் எண்கள்தாம் அடுத்த ஆண்டு வருபவருக்கு ஆசான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கடையின் முன் வரிசை நீண்டிருக்கும்போதுதான் திருகு நம்மை அழைக்கும். அப்போதும் வெப்பமானியை முதலில் எடுப்பவரே அறுபது குவளையையும் விற்று முடிப்பார்.